மருமகளின் நாட்டுச் சரித்திரம்

என் பேத்திக்கு அப்போது ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. அவளுடைய தாய் பிறந்த பிலிப்பைன்ஸ் தீவுகளை ஸ்பெயின்காரர் முந்நூறு வருடங்களுக்கு மேல் ஆண்ட சரித்திரத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். பிழையாகச் சொல்லிக் கொடுத்தேன். தெரியாமல் நடந்த பிழை என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை. யாழ்ப்பாணத்தில் என் வாழ்க்கையின் பெரும்பகுதி சரித்திரம் படிப்பித்ததில் போனது. எதைச் சொன்னால் பிள்ளைகள் எந்தப் பக்கம் சாய்வார்கள், எதை விட்டுவிட்டால் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

மனைவி இறந்த பிறகு நான் மகன் வீட்டுக்கு வந்தேன். கனடாவில், ஸ்ரௌவ்வில்லில் புதிதாகக் கட்டிய வீடு. நடந்து போய்ப் பால் வாங்க ஒரு கடை கிடையாது. கண் பார்வை குறைந்ததால் கார் ஓட்டுவதை விட்டுவிட்டேன். ஆகவே யாராவது ஏற்றிக்கொண்டு போனால்தான் வெளியே. பேத்தியைக் காலையில் தெரு முனையில் பள்ளி பஸ்ஸில் ஏற்றுவதும் பின்னேரம் இறக்குவதும் என் வேலை. மகன் வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்பவன். மருமகள் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில், மாறி மாறி வரும் நேர வேலை.

மருமகள் கத்தோலிக்கப் பெண். நாங்கள் சைவர். கல்யாணம் முதலில் தேவாலயத்தில் நடந்தது, பிறகு றிச்மண்ட் ஹில் கோயிலில் தாலி கட்டினார்கள். இரண்டுக்கும் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு போனேன், படங்களில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, கோயிலுக்கும் கூட்டிப் போவது, ஒருவர் வழியை மற்றவர் குறைத்துக் கதைப்பதில்லை என்று அவர்கள் இருவரும் தங்களுக்குள் பேசி முடிவு செய்திருந்தார்கள். மகன் அதை என்னிடம் வந்து சொன்னான்.

"இந்த வீட்டிலை ஒருத்தரும் உன்ர சாமியைப் பற்றிக் குறைவாக் கதைக்க மாட்டினம் எண்டு அவவுக்குச் சொல்லியிருக்கிறன், அப்பா."

'ஒருத்தரும்' என்றதில் நானும் அடக்கம் என்பது எனக்கு விளங்கியது. ஓம் என்றேன். ஞானஸ்நானத்தன்று காலை வயிறு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. மருமகள் எனக்கு இஞ்சி போட்டுக் கஞ்சி வைத்துவிட்டுத்தான் தேவாலயத்துக்குப் போனாள். அவர்கள் போன பிறகு எழுந்து அதைக் குடித்தேன்.

பேத்தியை வேறு சமயத்தில் சேர்த்துவிட்டார்கள் என்ற கோபம் எனக்குள் ஏழு வருடமாக இருந்தது. ஒரு நாளும் அதைக் காட்டவில்லை. காட்டாமல் இருப்பதே பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாசி மாதத்தில் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். தாயின் நாட்டைப் பற்றியோ தகப்பனின் நாட்டைப் பற்றியோ ஒரு பெரிய மட்டையில் படம் ஒட்டி வகுப்பில் பேச வேண்டும். பேத்தி தாயின் நாட்டைத் தெரிவு செய்தாள். மருமகளுக்கு அந்த மாதம் முழுவதும் பின்னேர வேலை. அவளும் நானும் கதைப்பது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"அப்பா, நீங்கள் சரித்திரம் படிப்பித்தவர்தானே. என்னைவிட நன்றாகச் சொல்லுவீர்கள். நான் பள்ளியில் படித்தபோது அந்தப் பாடத்தில் நித்திரைதான் கொண்டேன்."

என்னை நம்பித்தான் கேட்டாள். அதை முதலில் எழுதிவிட வேண்டும்.

மகன் நூலகத்துக்குக் கூட்டிப் போனான். சிறுவர் புத்தகம் ஒன்றும் பெரியவர்களுக்கான தடித்த புத்தகங்கள் இரண்டும் எடுத்து வந்தேன். ஒரு வாரம் குறிப்பெடுத்துப் படித்தேன். கனகாலத்துக்குப் பிறகு பாடம் ஆயத்தம் செய்கிறேன் என்ற சந்தோஷமும் இருந்தது. பள்ளி விட்டு வந்து பேத்தி பிஸ்கற்றோடு குசினி மேசையில் உட்காருவாள். எதிரே நான்.

"அப்பப்பா, அவை ஏன் அவ்வளவு தூரம் வந்தவை?"

"வாசனைப் பொருள் தேடி. கராம்பு, கறுவா, மிளகு."

"கறுவாவுக்கா? ஜஸ்ற் கறுவா?"

"ஓம். நீ கொக்கோவுக்கு மேலை தூவுறியே, அதுதான்."

"தே குட் ஹாவ் ஆஸ்க்ட் நைஸ்லி," என்றாள். கேட்டு வாங்கியிருக்கலாமே என்பது அவளுடைய நியாயம்.

ஸ்பெயின் அரசனுடைய கப்பல்கள் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து வந்ததைச் சொன்னேன். மணிலாவில் சீனப் பட்டுத்துணியையும் பீங்கானையும் ஏற்றி மெக்சிக்கோவுக்கு அனுப்பியதையும், அங்கிருந்து வெள்ளி திரும்பி வந்ததையும் உருண்டையான பூகோளத்தில் விரல் வைத்துக் காட்டினேன். அந்தக் கப்பல்களைக் கட்ட ஊர் ஆண்களைக் கூலி இல்லாமல் காட்டுக்கு மரம் வெட்ட அனுப்பியதைச் சொன்னேன். சிதறி வாழ்ந்த குடிகளைக் கொண்டுவந்து தேவாலய மணிச் சத்தம் கேட்கும் தூரத்துக்குள் குடியிருத்தினார்கள் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. அதை அவளுக்கு விளக்க, அவளை மேல் மாடிக்கு அனுப்பிக் கரண்டியால் கோப்பையில் தட்டினேன். "கேக்குதோ?" என்று கத்தினேன். "கேக்குது," என்றாள். "அப்ப நீ அங்கைதான் இருக்கலாம். நிலவறைக்குப் போகேலாது." அவளுக்கு அது விளங்கியது.

இதுவரை சொன்னதெல்லாம் உண்மை.

அதே புத்தகத்தில் வேறு பக்கங்களும் இருந்தன. முதன்முதலில் வந்த கப்பற்படைத் தலைவனை ஒரு சின்னத் தீவின் தலைவனும் அவனுடைய ஆட்களும் முழங்கால் தண்ணீரில் வெட்டிச் சாய்த்தார்கள். இன்னொரு தீவில், இறந்துபோன சகோதரனுடைய உடலைத் தேவாலய முறைப்படி அடக்கம் செய்யப் பாதிரியார் மறுத்தார் என்பதற்காக ஒருவன் மலைக்குப் போய்க் கலகம் தொடங்கினான். எண்பது வருடங்களுக்கு மேல் அந்த மலையை ஸ்பெயின்காரரால் பிடிக்க முடியவில்லை. அவன் கேட்டது என்ன என்று பார்த்தால், தன் சகோதரனுக்குச் சிலுவை வேண்டும் என்பதுதான். அந்த மதம் அவனுக்கு வெளியார் கொடுத்த ஒன்றாக இருக்கவில்லை, சொந்தமாகிவிட்டிருந்தது. பிறகு அந்த நாட்டுப் பாதிரிமாரே ஸ்பெயின் பாதிரிமாருக்கு எதிராக உரிமை கேட்டுக் கொலைமேடைக்குப் போனார்கள்.

இவற்றையெல்லாம் படித்தேன். குறிப்பெடுத்தேன். பேத்திக்குச் சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது கூடிப்போகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அடித்தார்கள், பிடித்தார்கள், மாற்றினார்கள் என்பது மட்டும் அவளுக்குக் கூடிப்போகவில்லையா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் அவள் கேட்டாள். "ஆக்கள் பழைய சாமியை ஒளிச்சுக் கும்பிட்டவையோ?"

"ஓம்."

"எப்பிடி ஒளிச்சவை?"

மரச் சிலைகளை எரித்தார்கள் என்பதற்கு மேல் புத்தகத்தில் எனக்கு எதுவும் கிடைத்திருக்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வகுப்பில் நிற்கும் வாத்தியாருக்கு அந்தச் சொல் வராது. என் வாயில் யாழ்ப்பாணம் வந்தது.

எங்கள் ஊரைப் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், ஆண்ட காலத்தைப் பற்றிச் சைவக் குடும்பங்களில் ஒரு கதை உண்டு. விரத நாளில் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு அந்த இலையை வெளியே எறிய மாட்டார்கள். பறங்கிப் படையாள் கண்டால் இது சைவ வீடு என்று தெரிந்துவிடும். ஆகவே இலையை மடித்துக் கூரை இறப்பில், அதாவது கூரையின் தாழ்ந்த ஓரத்தில், செருகி ஒளித்துவைப்பார்கள். பறங்கியர் போய் எத்தனையோ தலைமுறைக்குப் பிறகும் சில வீடுகளில் ஏன் என்று தெரியாமலே அப்படிச் செருகினார்கள். இந்தக் கதையைத்தான் எடுத்து, ஆட்களையும் கடலையும் மாற்றி, பிலிப்பைன்ஸில் நடந்ததாகச் சொன்னேன்.

"கூரையிலை இலை இருக்கோ எண்டு சோல்ஜர்ஸ் பாப்பினமோ?"

"ஈட்டியாலை குத்திப் பாப்பினம்."

"இருந்தா?"

"அடிப்பினம். பிறகு தலையிலை தண்ணியை ஊத்திப் பெயரை மாத்தி, வாயிலை அப்பத்தை வைச்சு, இனி நீ எங்கட ஆள் எண்டுவினம்."

"மம்மீன்ர ஆக்களையோ?"

"ஓம்."

"மம்மிக்குத் தெரியுமோ?"

"மம்மிக்கு உதெல்லாம் ஆர் படிப்பிச்சிருக்கப் போகினம்," என்றேன்.

இந்த ஒரு வசனத்தைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு சுகம் இருந்தது. பிஸ்கற் தூளைத் துடைத்துக்கொண்டு, ஏழு வருடக் கோபத்தை ஒரு பிள்ளையின் மடியில் இறக்கி வைத்தேன்.

மட்டையில் கப்பலும் வெள்ளியும் மணியும்தான் போயின. இலை போகவில்லை. ரீச்சர் பாராட்டி எழுதி அனுப்பினார். மருமகள் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, "வாத்தியாருக்குத்தான் இந்தப் பாராட்டு" என்று எனக்குத் தேநீர் போட்டுத் தந்தாள்.

வைகாசியில் பேத்தியின் கத்தோலிக்கப் பள்ளியில் அவளுடைய வகுப்புக்கு முதல் நன்மை. கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முறையாகத் தேவ நற்கருணை அப்பத்தை வாங்கும் நாள். மருமகளுக்கு அது கல்யாணத்துக்குச் சமம். வெள்ளைச் சட்டை மணிலாவிலிருந்து வந்திருந்தது, தைத்தது அவளுடைய சித்தி. வின்னிபெக்கிலிருந்து மருமகளின் அக்கா சனிக்கிழமை விமானத்தில் வருவதாக இருந்தது. ஞாயிறு பூசைக்குப் பிறகு வீட்டில் விருந்து. அவர்களுடைய நூடில்ஸுக்கும் பன்றி இறைச்சிக்கும் பக்கத்தில் எங்கள் வடையும் ரோல்ஸும் வைக்க மகன் ஓடர் கொடுத்திருந்தான்.

சனிக்கிழமை காலை சட்டையைப் போட்டுப் பார்க்கக் கூப்பிட்டபோது பேத்தி வரவில்லை. படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஐ ஆம் நொட் டூயிங் இற்."

மருமகள் முதலில் சிரித்தாள். பயமா, சப்பாத்து கடிக்கிறதா, அப்பத்தின் ருசி பிடிக்கவில்லையா என்று கேட்டாள். ஒத்திகையின்போது அது கடதாசி மாதிரி இருக்கிறது என்று பிள்ளை சொல்லியிருந்தாள். எதற்கும் இல்லை என்று தலையாட்டினாள். பாதிரியார் வைக்கும்போது வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். உதட்டை மடித்து எப்படி மூடிக்கொள்வாள் என்று காட்டியும் விட்டாள்.

"ஏன்?"

"ஏனென்றால் அவர்கள் உங்களுடைய ஆட்களுக்குக் கட்டாயப்படுத்திச் செய்தார்கள். உங்களுக்குத் தெரியாது."

நான் குசினி மேசையில் தேநீரோடு இருந்தேன். கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தேன்.

மருமகள் பிள்ளையைப் பார்க்கவில்லை. திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் நாலு நாள் முன்புதான், வாடகைக் கதிரைகள் வந்து இறங்கியபோது, "ஒரு துண்டு அப்பத்துக்கு இவ்வளவு கதிரையா?" என்று பகிடி விட்டிருந்தான். அவள் அப்போதும் சிரிக்கவில்லை.

"நீ எனக்குத் தந்த வாக்கு ஞாபகம் இருக்கா?"

"நான் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாக."

"எனக்குத் தெரியாது என்று என் பிள்ளை எனக்குச் சொல்கிறாள். இது பள்ளியில் படித்த பேச்சு இல்லை. இந்த வீட்டில் யாரோ சொன்னது."

"சொல்லவில்லை என்கிறேனே. பிள்ளைகள் எங்கேயாவது கேட்டுக்கொண்டு—"

படிக்கட்டிலிருந்து பேத்தி சொன்னாள்: "படையாட்கள் கூரைக்குள்ளே இலை இருக்கா என்று ஈட்டியால் குத்திப் பார்த்தார்கள். இருந்தால் அடித்தார்கள்."

மருமகளுக்கு அது விளங்கவில்லை. "என்ன இலை?" என்றாள்.

மகனுக்கு விளங்கிவிட்டது. சின்ன வயதில் அவனுக்கும் அந்தக் கதையைச் சொன்னவன் நான். வாதாடக் கையைத் தூக்கியவன் அப்படியே நிறுத்தினான். என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை. எனக்கு நேரம் தந்தான். இப்போது சொல்லுவார், இந்த மூச்சுக்குப் பிறகு சொல்லுவார் என்று காத்திருந்தான். நான் மேசையில் சிந்தியிருந்த தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் மௌனமானதை மருமகள் கண்டாள். அவள் கண்டது அதை மட்டும்தான்.

"நீதான் சொன்னாயா?"

"ஓம்," என்றான் மகன். அவளோடு பேசும்போது அவன் தமிழில் பேசுவதில்லை. அந்த ஓம் தவறிப்போய்த் தமிழில் வந்தது. "யெஸ். நான்தான். ஒருநாள் காருக்குள்ளே. யோசிக்காமல் சொல்லிவிட்டேன்."

பிள்ளையை மேலே அறைக்குப் போகச் சொன்னாள் மருமகள். பிறகு கார்ச் சாவியை எடுத்தாள். அக்காவின் விமானம் இறங்கும் நேரம் நெருங்கியிருந்தது.

"நான் அக்காவோடு திரும்பி வருவேன். நாளைக்கு ஏன் ஒன்றும் நடக்காது என்று நீயே அவளுக்குச் சொல். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் வேறு சில விஷயங்கள் பேச வேண்டும்."

வெளியே போகும்போதெல்லாம் அவள் குனிந்து என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். அவர்கள் நாட்டில் பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை. அன்றும் செய்தாள். அவ்வளவு கோபத்திலும் என்னிடம் வந்து அதைச் செய்துவிட்டுத்தான் போனாள். என் கை அவள் நெற்றியில் இருந்தபோதும் நான் வாய் திறக்கவில்லை.

கராஜ் கதவு மூடும் சத்தம் கேட்டது. மகன் எனக்கு எதிரே உட்கார்ந்தான்.

"அந்தக் கதையை எனக்குச் சொல்லேக்கை எனக்கும் பிள்ளையின்ர வயசுதான், அப்பா. படுத்திருந்து கூரை முகட்டையே பாத்துக்கொண்டிருப்பன்."

"நான் யோசிச்சுச் சொல்லேல்லை, தம்பி."

"நீங்கள் யோசியாமல் ஒண்டும் சொல்லுற ஆள் இல்லை."

மேசையில் சிந்தியிருந்த தேநீரை விரலால் துடைத்தேன்.

"சரி. நடந்தது நடந்திட்டுது. நான்தான் சொன்னனெண்டு இருக்கட்டும். நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம்."

"அவ உன்னோடை—"

"சமாளிக்கிறன். அவ உங்களை நல்ல மனுசன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. தன்ர தகப்பனைப் பற்றிக்கூட அவ அப்பிடிச் சொன்னதில்லை. அதையாவது அப்பிடியே இருக்க விடுங்கோ."

நான் செய்ததை ஒளிக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இதைத் தொடங்கினேன். ஆகவே எழுதுகிறேன். அவன் அப்படிச் சொன்னபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. "சரி," என்றேன். அவன் எழுந்து போய் மடித்திருந்த கதிரைகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் அடுக்கத் தொடங்கினான். தன் கல்யாணத்தை எனக்காக அடகு வைத்த பிள்ளை கதிரை அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு, ஆறிப்போன தேநீரை முழுவதும் குடித்தேன்.

பிறகு மேலே போனேன். பேத்தியோடு பேசி, இலைக் கதையை மறக்கச் செய்து, ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றிவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகும் என்று கணக்குப் போட்டேன். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டி வராது.

அவள் நிலத்தில் படுத்து, சூடான காற்று வரும் துவாரத்தில் காதை வைத்திருந்தாள். இந்த வீடுகளில் கீழே பேசுவது அதற்குள்ளால் மேலே வரும்.

"டடி ஏன் தான் சொன்னதெண்டு சொன்னவர்? ஹீ டிடின்ட். யூ டிட்."

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன். "அந்த இலைக் கதை மம்மீன்ர நாட்டிலை நடந்ததெண்டு நான் ஒரு புத்தகத்திலையும் பாக்கேல்லை, பிள்ளை. அது எங்கட ஊர்க் கதை. வேறை கப்பலிலை வந்த வேறை ஆக்கள் செய்தது."

"அப்ப ஏன் மம்மீன்ர எண்டு சொன்னனீங்கள்?"

"எனக்கு மம்மியிலை ஒரு கோவம் இருந்தது."

"மம்மி என்ன செய்தவ?"

யோசித்தேன். நேர்மையாகவே தேடினேன். கஞ்சி, தேநீர், குளிர்காலச் சப்பாத்து, கண் வைத்தியரிடம் ஏற்றிப் போனது. "ஒண்டும் செய்யேல்லை," என்றேன்.

அவள் எழுந்து உட்கார்ந்து என்னை உற்றுப் பார்த்தாள். "தென் யூ ஹாவ் ரு ரெல் ஹேர்," என்றாள். "நீங்கள்தான் மம்மிக்குச் சொல்லவேணும். இல்லாட்டி நான் சொல்லுவன். டடி அழுதவர். எனக்குக் கேட்டது."

அவன் அழுதது எனக்குத் தெரியாது. கதிரை அடுக்கும் சத்தம்தான் எனக்குக் கேட்டது.

கீழே வந்து, கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவுக்குப் பக்கத்தில், சப்பாத்துகள் கழற்றும் இடத்தில் நின்றேன். உட்கார்ந்தால் எழும்ப மாட்டேன் என்று பயம். மகன் வந்து, "என்னப்பா, ஏன் இதிலை நிக்கிறியள்? உள்ளை வாங்கோ," என்றான். வரவில்லை. அவனுக்கு விளங்கியது. "வேண்டாம், அப்பா," என்றான். "இப்ப சொன்னா எனக்கும் சேத்துத்தான் விழும்." அதுவும் உண்மை. அவன் பொய் சொன்னதும் வெளியே வரும். என்னைக் காப்பாற்றப் போய் அவன் மாட்டிக்கொள்வான். எந்தப் பக்கம் போனாலும் அவனுக்கு அடி, அந்த இரண்டு பக்கத்தையும் உண்டாக்கியவன் நான். அவன் என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். எழுபத்தாறு வயதில் மகனோடு வாசலில் இழுபறிப்பட்டுக்கொண்டு நிற்கையில் கராஜ் கதவு மேலே போகும் சத்தம் கேட்டது. அவன் கையை விட்டான்.

மருமகள் முன்னால் வந்தாள். பின்னால் பெட்டியோடு அவளுடைய அக்கா. நான் ஒதுங்கி வழிவிடவில்லை.

"பிள்ளைக்குச் சொன்னது இவன் இல்லை. நான். மாசி மாதம், இந்த மேசையில் வைத்துச் சொன்னேன். அதில் ஒரு பகுதி உங்கள் நாட்டில் நடந்ததே இல்லை. தெரிந்துதான் சொன்னேன். உங்கள் ஆட்கள் எதிர்த்து நின்ற பகுதிகளைப் படித்துவிட்டு மறைத்தேன். காலையில் இவன் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னான். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்."

அக்காதான் பேசினாள். "நான் சப்பாத்தைக் கழற்றவா, இல்லை வந்த விமானத்திலேயே திரும்பிப் போகவா?"

மருமகள் அதற்குப் பதில் சொல்லாமல் மகனைக் கேட்டாள். "ஏன் பொய் சொன்னாய்?"

"அவர் என் அப்பா."

"நான் யார்?"

அவள் என் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஞானஸ்நானத்தன்று உங்களுக்கு வயிற்றில் ஒன்றுமில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும், அப்பா. நான் மருத்துவமனையில் வேலை செய்கிறவள், நோயாளியின் முகம் எனக்குத் தெரியும். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. வராமல் இருப்பது உங்கள் உரிமை. ஆனால் இது என் பிள்ளை. என் வீட்டு மேசையில் வைத்து என்னை அவளுக்கு முட்டாளாகக் காட்டினீர்கள்."

"ஓம்," என்றேன். அவளுக்கு அந்தச் சொல் தெரியும்.

அவள் மேலே போனாள். கனநேரம் பிள்ளையோடு கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். கீழே வந்து மகனிடம் சொன்னது எனக்கும் கேட்கட்டும் என்றே சொன்னாள். "பிள்ளைக்கு இப்போது உண்மை தெரியும். ஆனாலும் இன்னும் பயப்படுகிறாள். நாளைக்கு அவளை வரிசையில் நிறுத்த மாட்டேன். அழ அழ வாயைத் திறக்கச் சொன்னால் இவர் சொன்ன கதையை நானே உண்மையாக்கிவிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நால்வரும் பூசைக்குப் போனார்கள். நானும் வரலாமா என்று கேட்டேன். "இன்றைக்கு வேண்டாம்," என்றாள் மருமகள். பேத்தி மஞ்சள் சட்டையில் போனாள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் வெள்ளையில் வரிசையாகப் போய் வாங்கிவிட்டு வந்தபோது பின்வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். மகன் சொன்னான். விருந்துக்கு வந்தவர்களிடம் மருமகள் காய்ச்சல் என்று சொல்லவில்லை. "அவள் இன்னும் ஆயத்தமில்லை," என்று மட்டும் சொன்னாள். என் பெயரை எடுக்கவில்லை. நான் வடைத் தட்டை வைத்துக்கொண்டு ஆட்களுக்கு நடுவே நடந்தேன். பொதுவாக எல்லாரும் என்னோடு நன்றாகத்தான் கதைத்தார்கள்.

அடுத்த வாரம் பேத்தியைப் பள்ளி விட்ட பிறகும் பள்ளியிலேயே வைத்துப் பார்க்கும் இடத்தில் சேர்த்தார்கள். மாலையில் மகன் போய் ஏற்றி வருவான். தெரு முனைக்குப் போகும் வேலை எனக்கு இல்லாமல் போனது. மகனும் மருமகளும் சில மாதங்கள் என் முன்னால் அளந்து பேசினார்கள். கோடையில் ஒரு முறை தாங்கள் இருவரும் மட்டும் எங்கேயோ போய் வந்தார்கள். பிறகு குசினியில் பகிடி கேட்கத் தொடங்கியது. அது எவ்வளவு தூரம் சரியாகியிருக்கிறது என்று கேட்கும் தகுதி எனக்கில்லை. பேத்தி முதல் நன்மையைப் பற்றிப் பேசவில்லை, மருமகளும் கேட்கவில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டாள். அந்த வெள்ளைச் சட்டை இனி அவளுக்கு அளவாக இருக்காது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது பேத்தி தாயிடம் கேட்டாள், பிலிப்பைன்ஸில் யாராவது ஸ்பெயின்காரரோடு சண்டை பிடித்தார்களா என்று. மருமகள் கறிச்சட்டியை மூடினாள்.

"அப்பப்பாவைக் கேள்," என்றாள். "நானும் இருப்பேன்."

கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பிள்ளைக்குப் பக்கத்தில், எனக்கு நேரெதிரே உட்கார்ந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். எத்தனையோ பள்ளிப் பரிசோதகர்கள் என் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கும் நான் இப்படிப் பயந்ததில்லை. முழங்கால் தண்ணீரில் விழுந்த கப்பற்படைத் தலைவனிலிருந்து தொடங்கினேன். ஆங்கிலத்தில் சொன்னேன், அவளுக்கும் ஒரு சொல் தவறாமல் விளங்க வேண்டும் என்று. சகோதரனுக்கு அடக்கம் கேட்டவன் மலையேறும் இடம் வரை வந்தேன். மருமகள் ஒருமுறை, "அந்தத் தீவில் எனக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள்," என்றாள்.

பிறகு மணிக்கூட்டைப் பார்த்து எழுந்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது. நானும் நிறுத்தினேன்.

"தென் வட்? பிறகு என்ன நடந்தது?" என்று பேத்தி என் கையைப் பிடித்து உலுப்பினாள்.

"மம்மி வரட்டும்," என்றேன்.

மருமகள் கோட்டைப் போட்டுக்கொண்டே கதவடியில் நின்று அதைக் கேட்டாள். பிறகு கடைசிப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவளுக்குச் சனிக்கிழமை வேலையாகவே வந்துகொண்டிருக்கிறது. கதையும் மலையிலேயே நிற்கிறது.